சுருக்கம் இல்லை, கருமைதான் ஏறுகிறது என்றீர்களே

சகோதரி, 43 வயதில் உங்களுக்குச் சுருக்கமே இல்லை, ஆனால் இரு கன்னத்திலும் கருமை படர்கிறது. உடன் வேலை செய்யும் ஆங்கிலேயப் பெண்ணுக்குக் கண்ணோரம் கோடு விழுந்தும் நிறம் சீராக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தவறு உங்கள்மேல் இல்லை. நம் தோலில் மெலனின் என்ற நிறமி அதிகம். அது வெயிலைத் தடுப்பதால் சுருக்கம் தாமதமாக வரும். ஆனால் வெயில், பரு, உராய்வு, ஹார்மோன் மாற்றம் என்று எதற்கும் நம் தோல் சட்டென்று கருத்துவிடும். வெள்ளைத் தோலில் கோடு முந்தும், நமக்கு நிறம் முந்தும். சீனப் பெண்களுக்கும் பெரும்பாலும் சுருக்கத்துக்கு முன் புள்ளிகள்தான்.

நீங்கள் சொல்வது மங்கு, அதாவது முகத்தில் படரும் கருந்திட்டு போலத் தெரிகிறது. எனக்கும் இடது கன்னத்தில் ஐம்பது காசு அகலத்துக்கு இருந்தது. லேபிள் இல்லாத டப்பாவில் விற்ற கிரீமைப் பூசினேன். இரண்டு வாரம் பளபளப்பு, அப்புறம் எரிச்சல், முன்னைவிடக் கருமை. தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். அத்தகைய சில கிரீம்களில் பாதரசமும் ஸ்டீராய்டும் இருந்ததாகச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் எச்சரித்திருக்கிறது.

நம் சிங்கப்பூர் பூமத்திய ரேகையை ஒட்டியது, மேகமூட்டத்திலும் சன்ஸ்கிரீன் வேண்டும். வெயில் தடுப்பு அளவான எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல், இரும்பு ஆக்ஸைடு கலந்த, நிறமுள்ளதாக வாங்குங்கள். மங்கின் கருமையைக் கூட்டும், கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அது தடுக்கும். லேசருக்கு அவசரப்படாதீர்கள், நம் நிறத்தில் அது கருமையைக் கூட்டிவிடலாம். முதலில் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) காட்டுங்கள். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு போனால் மண்டலே சாலையில் உள்ள தேசியத் தோல் நிலையத்தில் மானியக் கட்டணத்தில் பார்ப்பார்கள்.