கேரள எல்லைத் தமிழர்களுக்குக் கோர்ட்டுச் சொற்கள் குழப்புமா? முன்சீப், சப், செஷன்ஸ் எல்லாம் எது எது?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் வீடு. சித்தூர் தாலுகா. (ஆந்திராவில் இருக்கும் சித்தூர் இல்லை.) வீட்டில் தமிழ், படித்தது தமிழ், கோர்ட்டுக்குப் போனால் மட்டும் மலையாளம்.

குழப்புமா என்றால், நன்றாகவே குழப்பும். ஆனால் தெரியாத சொல்லால் ஆபத்தில்லை, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுவிடுவோம். தெரிந்த முகமாக வந்து நிற்கும் சொல்தான் ஆளைக் கவிழ்க்கும்.

எங்கள் தோப்புக்குப் போகும் வண்டித்தடத்தைப் பக்கத்துத் தோட்டக்காரர் வேலி போட்டு அடைத்துவிட்டார். அப்பா முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டார். வக்கீல் கொடுத்த மலையாள நகலை நான்தான் எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னேன். அப்பா பெயருக்கு நேராக 'அன்யாயக்காரன்' என்று இருந்தது. மனுஷன் கொதித்துவிட்டார். "தடத்தை அடைச்சது அவன், அநியாயக்காரன் நானா?" மலையாளத்தில் அன்யாயம் என்றால் சிவில் வழக்கில் கொடுக்கும் பிராது. கொடுத்தவர் அன்யாயக்காரன், நம் கணக்கில் வாதி. வக்கீல் குமாஸ்தா இதைப் பொறுமையாக விளக்கிய பிறகும் அப்பாவுக்கு ஆறவில்லை. கடைசிவரை அந்தத் தாளை மடித்தே வைத்திருந்தார்.

இப்படி இன்னும் சில உண்டு. 'பிரதி' என்றால் நமக்கு நகல். அங்கே குற்றம் சாட்டப்பட்டவர். 'ஒன்னாம் பிரதி' என்று செய்தியில் வந்தால் முதல் நகல் என்று நினைத்துவிடாதீர்கள், வழக்கின் முதல் ஆள். 'விதி வந்நு' என்றால் தீர்ப்பு வந்துவிட்டது. (தோற்றவருக்கு இரண்டு மொழியிலும் அது விதிதான்.) 'வெறுதே விட்டு' என்றால் சும்மா விட்டுவிட்டார்கள் என்று கேட்கும். அதுதான் முறைப்படி விடுதலை செய்தார்கள் என்பதற்கான சொல். எனக்குப் பிடித்தது 'அவதி'. வழக்கைத் தள்ளி வைத்தால் 'அவதிக்கு வெச்சு' என்பார்கள். நாம் சொல்லும் வாய்தாதான். மலையாள எழுத்தில் அழுத்தம் வேறு, காதுக்கு நம் அவதியும் (துன்பம்) அதுவும் ஒன்றுதான். வாய்தா என்ற உருதுச் சொல்லுக்கு மூலத்தில் வாக்குறுதி என்று பொருள். கோர்ட்டுக்கு நடப்பவர்களைக் கேட்டால் அவதிதான் பொருத்தம் என்பார்கள்.

அப்புறம் கச்சேரி. சித்தூரில் கச்சேரிமேடு என்று ஓர் இடம் இருக்கிறது. பொள்ளாச்சி அத்தை முதல் தடவை கேட்டபோது, "ஏங்கண்ணு, அங்க யாரு பாடறாங்க?" என்றார். பழைய வழக்கில் கச்சேரி என்றால் அரசாங்க அலுவலகம். தாலுகா கச்சேரி என்று இங்கே இப்போதும் சொல்வதுண்டு.

சரி, கோர்ட்டுகளுக்கு வருகிறேன். நிலம், வழி, பாகம், கடன் என்றால் சிவில். அதில் கீழ்ப்படி முன்சீப், அதற்கு மேல் சப் கோர்ட், அதற்கு மேல் மாவட்ட கோர்ட். போலீஸ் கேஸ் என்றால் முதலில் மாஜிஸ்திரேட். கொலை மாதிரி பெரிய குற்றமானால் விசாரணை செஷன்ஸில். மாவட்ட நீதிபதியே குற்ற வழக்கைக் கேட்கும்போது செஷன்ஸ் நீதிபதி ஆகிவிடுவார், ஆள் ஒருவர்தான். மாநிலத்துக்குள் எல்லாவற்றுக்கும் மேலே எங்களுக்கு எர்ணாகுளத்து ஹைக்கோர்ட், 1956இல் வந்தது. அங்கே நடவடிக்கை ஆங்கிலத்தில், ஆகவே மலையாளக் குழப்பம் தீர்ந்து வேறு குழப்பம் ஆரம்பிக்கும்.

எல்லை தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போனால் தமிழே குழப்பும், இதை யாரும் சொல்வதில்லை. முன்சீப் கோர்ட்டுக்குப் பலகையில் 'மாவட்ட உரிமையியல் நீதிமன்றம்' என்று எழுதியிருக்கும். மாவட்டம் என்று இருக்கிறதே, பெரிய கோர்ட் போல என்று நம் ஆட்கள் மிரண்டுவிடுவார்கள். சிவிலில் அதுதான் முதல் படி. சப் கோர்ட் 'சார்பு நீதிமன்றம்', மாஜிஸ்திரேட் 'நீதித்துறை நடுவர்', செஷன்ஸ் 'அமர்வு நீதிமன்றம்'. நல்ல தமிழ்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஆட்டோக்காரரிடம் சார்பு நீதிமன்றம் போகணும் என்று சொல்லிப் பாருங்கள், சப் கோர்ட்டுங்களா என்று திருப்பிக் கேட்பார்.

தமிழ்நாட்டில் 'மக்கள் நீதிமன்றம்' என்பது இங்கே 'அதாலத்'. எங்கள் தடத்து வழக்கு அங்கேதான் முடிந்தது. வேலியைப் பாதி நகர்த்த அவர் ஒத்துக்கொண்டார், செலவுத் தொகையை அப்பா விட்டுக்கொடுத்தார். அதாலத்தில் முடிந்ததற்கு அப்பீல் கிடையாது, கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். இந்த இரண்டாவது விஷயம் அப்பாவுக்கு ரொம்பவே பிடித்துப்போயிற்று.

உங்கள் கைக்கு ஒரு சம்மன் வந்து, மொழி புரியாவிட்டால் வழக்கு எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். ஓ.எஸ். என்றால் சிவில் வழக்கு, ஏ.எஸ். என்றால் அதன் அப்பீல், சி.சி. என்றால் மாஜிஸ்திரேட் முன் இருக்கும் குற்ற வழக்கு, எஸ்.சி. என்றால் செஷன்ஸ். வாளையாறுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இந்த எழுத்துகள் மாறுவதில்லை. எஸ்.சி. என்று இருந்தால் அன்றைக்கே வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.