பொண்ணு டான்ஸ் பேண்ட்ல பாடப் போறேங்குறா, விடலாமா? அயர்லாந்து முல்லிங்கர்ல இருந்து கேட்ட அக்காவுக்கு

அக்கா, உங்க மெசேஜ் முழுசா படிச்சேன். பொண்ணுக்கு 17 வயசு, இந்த வருஷம் லீவிங் செர்ட் (இங்க ஸ்கூல் கடைசி பரீட்சை), நர்சிங் இல்லனா பார்மசி போடுவான்னு நீங்க நினைச்சுட்டு இருந்தா, அவ வீக்கெண்ட்ல ஜைவ் டான்ஸ் ஆட வர்ற கூட்டத்துக்கு கன்ட்ரி பாட்டு வாசிக்கற பேண்ட்ல சேரப் போறேன்னு நிக்கறா. "இதெல்லாம் ஒரு வேலையா தம்பி"ன்னு கேட்டிருக்கீங்க. வேலைதான் க்கா, அயர்லாந்துல அம்பது அறுபது வருஷத்துக்கு மேல குடும்பங்க இதுல சாப்பிட்டிருக்கு. பாடட்டும், தடுக்காதீங்க. ஆனா 18 வயசுல இத மட்டும் நம்பி இறங்கறதுக்கு நான் ஓகே சொல்ல மாட்டேன்.

உங்க ஊர் மார்க்கெட் ஸ்கொயர்ல பாடகர் ஜோ டோலன் சிலை இருக்குல்ல, தினம் தாண்டித்தான போவீங்க. அந்த மனுஷன் எடுத்ததும் ஸ்டார் இல்ல, உள்ளூர் பேப்பர் ஆபீஸ்ல அச்சு கோர்க்கற வேலை கத்துக்கிட்டவர். அண்ணன் பென் சாக்ஸபோன் வாசிக்க டிரிஃப்டர்ஸ்னு பேண்ட் வச்சு ஆடினாங்க பாடினாங்க, பேர் வந்தப்புறம்தான் முழு நேரம். 1969ல அவர் பாட்டு ஒண்ணு பிரிட்டன் லிஸ்ட்ல 3வது இடம் வரைக்கும் போச்சு. பொண்ணுகிட்ட இந்த ஆர்டர சொல்லுங்க, மொதல்ல கைத்தொழில், அப்புறம்தான் மேடை.

இந்த தொழில் எப்படி ஏறுச்சு எப்படி விழுந்துச்சுன்னு தெரிஞ்சா உங்க பயத்துல எது நியாயமானதுன்னு உங்களுக்கே புரியும். 1950கள்ல ஸ்ட்ராபேன் ஊர் பேண்ட் கிளிப்பர் கார்ல்டன் உக்காந்து வாசிக்கறத விட்டுட்டு எழுந்து நின்னு ஷோ மாதிரி பண்ண ஆரம்பிச்சாங்க, அதுக்கப்புறம் வாட்டர்ஃபோர்ட் ராயல் ஷோபேண்ட், அதுல பாடகர் பிரெண்டன் போயர், 1962ல லிவர்பூல்ல அவங்க ஷோவுக்கு முன்னாடி வாசிச்ச சின்ன பேண்ட் யாரு தெரியுமா, பீட்டில்ஸ்! கிராமத்துக்கு கிராமம் பால்ரூம், உள்ள சாராயம் கிடையாது, டீயும் சோடாவும்தான், ஆனாலும் கூட்டம் அள்ளும். தவக்காலத்துல ஹால் எல்லாம் மூடிடுவாங்க, அந்த வாரங்கள்ல பேண்டுங்க இங்கிலாந்து, அமெரிக்கான்னு அங்க போன ஐரிஷ்காரங்களுக்கு வாசிக்க கிளம்பிடும். அந்த பால்ரூம்கள சங்கிலி மாதிரி கட்டி காசு பாத்தது ரெனால்ட்ஸ் அண்ணன் தம்பிங்க, அதுல ஒருத்தர் ஆல்பர்ட் ரெனால்ட்ஸ் 1992ல நாட்டோட பிரதமரே ஆயிட்டார். பாடினவங்கள்ல அப்படி செட்டில் ஆனவங்க ரொம்ப கொஞ்சம். 70கள்ல ஹோட்டல்ல லைசென்ஸ் பாரோட டான்ஸ், அப்புறம் டிஸ்கோன்னு வந்ததும் பால்ரூம் காலி, போயர் லாஸ் வேகாஸ் போய்ட்டார். குரல் கெட்டா போச்சு? அதெல்லாம் இல்ல, ஹால் போச்சு அவ்ளோதான். கேஸில்பிளேனி பக்கத்து பாடகர் பிக் டாம் மாதிரி கன்ட்ரி பக்கம் நின்னவங்களுக்கு கூட்டம் விடல, அப்புறம் 2012 வாக்குல லிவர்பூல்ல பொறந்த நேதன் கார்ட்டர் ஒரே பாட்டுல இளவட்டத்த திரும்ப ஜைவுக்கு கூட்டிட்டு வந்தார், உங்க பொண்ணு மாட்டினதும் அந்த அலைலதான்னு நினைக்கிறேன்.

இப்ப வேலை எப்படி இருக்கும்னு பாப்போம். வர்றவங்க பாட்டு கேக்க வரல, ஆட வர்றாங்க. மூணு பாட்டு ஒரே வேகத்துல ஜைவ், அடுத்த மூணு வால்ட்ஸ், அப்புறம் குவிக்ஸ்டெப். நடுவுல அழகா இருக்கேன்னு ஒரு வரிய இழுத்தா ஆடறவங்க கால் தடுமாறும், அடுத்த பாட்டுக்கு ஃப்ளோர் காலியாயிடும், அதுதான் மார்க் ஷீட். அவ கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டான்னு எழுதியிருந்தீங்க, தாளக்கட்டு உதவும், கமகத்த மட்டும் கொஞ்சம் வீட்லயே வச்சுட்டு போகணும். இன்னொண்ணு, ஆம்பள பாடகருக்கு செட் பண்ண சுருதிலயே பேண்ட் வாசிக்கும், இவ தொண்டைய கிழிச்சுக்குவா. ஒவ்வொரு பாட்டுக்கும் தன்னோட சுருதி எதுன்னு ஒரு நோட்டுல எழுதி ரிகர்சலுக்கு எடுத்துட்டு போகட்டும், மொத நாளே மரியாதை கிடைக்கும்.

வயசு விஷயம் இருக்கு. 18 ஆகாதவங்க ராத்திரி 9 மணிக்கு மேல பார்ல இருக்கக் கூடாது, மே முதல் செப்டம்பர் வரைக்கும் 10 மணி. அதனால ஹோட்டல் பார் நைட் எல்லாம் பர்த்டேக்கு அப்புறம்தான், இத நீங்க சொன்னா சண்டை வரும், சட்டம் சொல்லுதுன்னு சொல்லிடுங்க. ராத்திரி பயணம் உங்களுக்கு பயம்னு தெரியுது. 1975 ஜூலை 31 அன்னிக்கு மயாமி ஷோபேண்ட்னு ஒரு ஐரிஷ் பேண்டோட வேன மறிச்சு பாடகர் ஃபிரான் ஓ'டூலோட சேத்து மூணு பேர கொன்னாங்க, இங்க வயசானவங்க இன்னும் அத பத்தி பேசுவாங்க, அது வேற காலம். இப்ப பயப்பட வேண்டியது விடிகாலை 3 மணிக்கு தூக்க கலக்கத்துல வண்டி ஓட்டறத பத்திதான், யார் ஓட்டறாங்கன்னு கேளுங்க.

படிப்பு: லீவிங் செர்ட்ல மியூசிக் எடுத்திருந்தா பர்ஃபார்மன்ஸ்லயே 50% வரைக்கும் வாங்கலாம். சி.ஏ.ஓ ஃபார்ம்ல (காலேஜ் சீட்டுக்கு போடற விண்ணப்பம்) நர்சிங்கும் போடட்டும், கார்க் ஸ்கூல் ஆஃப் மியூசிக் பாப்புலர் மியூசிக் கோர்ஸும் போடட்டும், ஜூலை 1 வரைக்கும் வரிசைய மாத்திக்கலாம், அதனால இன்னிக்கே முடிவெடுன்னு அவ கழுத்துல உக்காராதீங்க.

காசு நிலையா வராது. 2022ல அரசாங்கம் கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ குடுக்கற சோதனை திட்டம் ஆரம்பிச்சுது, அதுவே 2,000 பேருக்குத்தான், குலுக்கல்லதான் எடுத்தாங்க. அத நம்பி கணக்கு போடாதீங்க. தனியா சம்பாதிக்க ஆரம்பிச்சா செல்ஃப் எம்ப்ளாய்டுன்னு ரெவன்யூல, அதாவது வரி ஆபீஸ்ல, பதியணும், வருமான கணக்கு காட்டணும். விசா ஸ்டாம்ப் 2, அதாவது ஸ்டூடண்ட் ஸ்டாம்ப்னா அந்த மாதிரி சொந்த தொழில் பண்ணவே கூடாது, அவ கார்டுல என்ன ஸ்டாம்ப்னு மொதல்ல பாருங்க, ஐரிஷ் பாஸ்போர்ட்னா பிரச்சனை இல்ல.

அப்புறம் அந்த பேண்ட் லீடர வீட்டுக்கு டீக்கு கூப்பிட்டு நாலு விஷயம் கேளுங்க, கூச்சப்படாதீங்க. ஒரு நைட்டுக்கு நிலையான தொகையா இல்ல கேட் வசூல்ல பங்கா, கேன்சல் ஆனா என்ன, ரெக்கார்ட் பண்ற பாட்டுல அவ பேர் இருக்குமா, அவ விலகினா பேண்ட் பேரும் ஃபேஸ்புக் பேஜும் யாருக்கு. எழுதி குடுக்க மாட்டேன்னு சொன்னா வேற பேண்ட் பாக்கலாம் க்கா, உங்க பக்கம் பேண்டுக்கா பஞ்சம்?