முன்குறித்தல் உண்மையென்றால், என் தம்பிக்காக ஜெபிப்பதில் என்ன பயன்?

சகோதரி, உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உலகம் உண்டாவதற்கு முன்பே தேவன் சிலரைத் தெரிந்துகொண்டார் என்றால் மனிதனுடைய சுயசித்தத்துக்கு எங்கே இடம் என்பது ஒன்று. இன்னொன்று கடைசியில் நீங்கள் எழுதியிருப்பது. நான்கு வருடமாகச் சபைப் பக்கமே வராத தம்பியைப் பற்றி ஜெபக்குழுவில் ஒருவர், "அவன் தெரிந்துகொள்ளப்பட்டவனாக இருந்தால் தானாக வருவான், இல்லையென்றால் நீ அழுது ஒன்றும் ஆகாது" என்று சொன்னார், அன்றிலிருந்து உங்களால் அவனுக்காக ஜெபிக்க முடியவில்லை. நான் அந்த இரண்டாவதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நானும் கிட்டத்தட்ட அதே இடத்தில் ஒரு வருடம் மாட்டிக்கொண்டு இருந்தவன்.

கல்லூரி இரண்டாம் ஆண்டில், விடுதியில் இரவு நடக்கும் வேதபாடத்தில் ரோமர் 9-ஆம் அதிகாரம் வந்தது. ஈசாக்கின் இரட்டைப் பிள்ளைகளைப் பற்றித் தேவன் சொன்னதாக அதில் வருகிறது: "யாக்கோபைச் சிநேகித்து, ஏசாவை வெறுத்தேன்." நடத்திய அண்ணன் நல்லவர், நன்றாகப் படித்தவர். பிள்ளைகள் பிறக்கும் முன்பே, நன்மை தீமை செய்யும் முன்பே முடிவாகிவிட்டது என்று விளக்கிவிட்டு அடுத்த வாரம் தொடரலாம் என்று முடித்துவிட்டார். நான் அன்று இரவு தூங்கவில்லை. நான் ஏசாவாக இருந்தால்? அதற்கப்புறம் வேதத்தைத் திறந்தாலே எனக்கு எதிரான வசனங்கள் மட்டும்தான் கண்ணில் பட்டன. ஜெபிக்க முழங்காலில் நின்றால், என் பெயர் இல்லாத ஒரு பட்டியலுக்கு முன்னால் நிற்கிற மாதிரி இருக்கும்.

பல மாதம் கழித்துத்தான் அந்தப் பகுதியை நானாக விடாமல் வாசித்தேன். அப்போதுதான் தெரிந்தது, நாங்கள் ஒன்பதாம் அதிகாரத்தின் நடுவில் நுழைந்து நடுவிலேயே எழுந்து போயிருக்கிறோம். அந்த அதிகாரம் அழுகையோடு தொடங்குகிறது. தன் சொந்த ஜனங்கள் கிறிஸ்துவை ஏற்கவில்லை என்று பவுலுக்கு இடைவிடாத மனவேதனை. அவர்களுக்குப் பதிலாகத் தானே சபிக்கப்பட்டவனாகலாமே என்கிறார். அப்புறம்தான் யாக்கோபும் ஏசாவும், பார்வோனும், குயவனும் களிமண்ணும். அது முடிந்ததும் பத்தாம் அதிகாரம் முதல் வசனத்தில் என்ன செய்கிறார் தெரியுமா? இஸ்ரவேலர் இரட்சிக்கப்பட வேண்டும் என்பதே என் இருதயத்தின் விருப்பமும் தேவனிடம் நான் செய்யும் விண்ணப்பமும் என்கிறார். முன்குறித்தலைப் பற்றி வேதத்தில் இருப்பதிலேயே கடினமான பகுதியை எழுதிய அதே கை, மை காயும் முன்பே, இன்னும் விசுவாசிக்காத தன் சகோதரருக்காக ஜெபத்தை எழுதுகிறது. உங்களிடம் பேசியவர் ஒன்பதாம் அதிகாரத்திலிருந்து பேசியிருக்கிறார். பத்தாம் அதிகாரத்துக்கு அவர் வந்திருந்தால் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க முடியாது.

இங்கே நம் மொழியாலும் ஒரு சிக்கல் வருகிறது. "முன்குறித்தல்" என்றதும் நம் காதில் "தலையெழுத்து" என்று விழுந்துவிடுகிறது. நெற்றியில் எழுதியாகிவிட்டது, அழித்து எழுத முடியாது, கேட்பதற்கும் ஆள் இல்லை என்ற எண்ணம் சின்ன வயதிலிருந்து ஊறியது. வேதத்தில் முன்குறித்தல் என்று வருவதற்கு மூலத்தில் ஒரு கிரேக்க வினைச்சொல் இருக்கிறது, முன்கூட்டியே எல்லை வகுத்து வைப்பது என்று பொருள். புதிய ஏற்பாட்டில் அது ஆறே தடவைதான் வருகிறது: அப்போஸ்தலர் 4-இல் ஒன்று, ரோமர் 8-இல் இரண்டு, முதல் கொரிந்தியர் 2-இல் ஒன்று, எபேசியர் 1-இல் இரண்டு. ஆறையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தம்முடைய குமாரனின் சாயலுக்கு ஒப்பாவதற்கு, பிள்ளைகளாக ஏற்றுக்கொள்ளப்படுவதற்கு, சிலுவையில் நடந்தது நடப்பதற்கு என்றுதான் இருக்கும். இன்னார் கெட்டுப்போகும்படி முன்குறிக்கப்பட்டார் என்று ஓரிடத்திலும் அந்தச் சொல் வராது.

மறைக்கக் கூடாது, இதற்கு மறுபக்கமும் உண்டு. ரோமர் 9:22-இல் அழிவுக்கு எத்தனமாக்கப்பட்ட, அதாவது ஆயத்தமாக்கப்பட்ட, பாத்திரங்கள் என்று வருகிறது. இடறுகிறவர்கள் அதற்கென்றே நியமிக்கப்பட்டவர்கள் என்கிற 1 பேதுரு 2:8-உம் எளிதான வசனம் இல்லை. முன்குறித்தலை அழுத்திப் போதித்த சீர்திருத்தவாதி கால்வினின் வழி வந்தவர்கள் இவற்றைக் காட்டும்போது "அப்படி எதுவுமே வேதத்தில் இல்லை" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அதே நேரத்தில் ஒருவரும் கெட்டுப்போகாமல் எல்லாரும் மனந்திரும்ப வேண்டும் என்று தேவன் விரும்புகிறார் என்று 2 பேதுரு 3:9 சொல்கிறது. இந்த இரண்டில் ஒன்றை வைத்து இன்னொன்றை அடித்துத் தள்ளும் விளக்கங்களை நான் நம்புவதில்லை.

சரி, இதில் சபைகள் என்ன சொல்லின? ஐந்தாம் நூற்றாண்டில் பெலாகியு என்ற துறவி, மனிதன் தன் சித்தத்தின் பலத்தாலேயே நன்மை செய்ய முடியும் என்றார். வட ஆப்பிரிக்காவில் பிஷப்பாக இருந்த அகஸ்டின் இல்லை என்றார். விரும்புவதற்கே கிருபை வேண்டும் என்றார். 529-இல் ஓரஞ்சு நகரில் கூடிய ஆலோசனைச் சங்கம் அகஸ்டினோடு நின்று, விசுவாசத்தின் தொடக்கமே கிருபைதான் என்று அறிக்கையிட்டது. ஆனால் தேவன் சிலரைத் தீமைக்கென்று முன்குறித்தார் என்பதை வன்மையாக மறுத்தது. ஆயிரம் வருடம் கழித்து நெதர்லாந்தில் ஆர்மினியு என்ற இறையியலாளரின் சீடர்கள், விசுவாசிப்பார்கள் என்று முன்னறிந்தவர்களையே தேவன் தெரிந்துகொண்டார் என்றார்கள். 1618-19-இல் டார்ட் நகரில் கூடிய கால்வின் வழிச் சபைகளின் மாமன்றம் அதை மறுத்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் இதே வழக்கில், ஆர்மினியுவின் பக்கம் நின்ற ஜான் வெஸ்லியும் கால்வினின் பக்கம் நின்ற ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டும் என்ற இரண்டு ஆங்கிலேயப் பிரசங்கிகள் பிரிந்தார்கள். ஆனாலும் 1770-இல் ஒயிட்ஃபீல்டு இறந்தபோது லண்டனில் அவருக்காக அடக்கப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லிதான். நம் தென்னிந்தியத் திருச்சபையில் 1947-இல் ஆங்கிலிக்கனும் மெதடிஸ்டும் பிரஸ்பிடேரியனும் ஒன்றானபோது இந்த இரண்டு ஓடைகளும் ஒரே ஆற்றில் கலந்தன. அதனால்தான் ஒரே பீடத்தில் ஒரு ஞாயிறு ஒன்றும் அடுத்த ஞாயிறு வேறொன்றுமாகக் கேட்கிறோம். அதில் தவறில்லை.

முன்னறிதல் என்ற விளக்கம் பலருக்கு நிம்மதி தருகிறது. முடிந்துபோன மேட்ச்சைத் திரும்பப் பார்க்கிறவனுக்கு முடிவு தெரியும், அதனால் அவன் பந்தை அசைத்தான் என்று ஆகாது என்பார்கள். எனக்கு அது போதவில்லை. பார்க்கிறவன் மைதானத்தைப் படைத்தவன் இல்லை. தேவன் மைதானத்தையும் ஆட்டக்காரரையும் படைத்தவர். என்னைக் கேட்டால் ஓரஞ்சில் சொன்ன இடத்தில்தான் நிற்கிறேன்: இரட்சிப்பு முழுவதும் அவரிடமிருந்து தொடங்குகிறது, கெட்டுப்போவதற்கு அவரைக் காரணம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இரண்டும் எப்படி இணைகின்றன என்று என்னால் கணக்குப் போட்டுக் காட்ட முடியாது. ஆனால் இரண்டும் சேர்ந்து நடப்பதை வேதம் ஓரிடத்தில் கதையாகவே காட்டுகிறது. எனக்குப் பெரிய வெளிச்சம் தந்த பகுதி அதுதான்.

அப்போஸ்தலர் 27. பவுல் கைதியாக ரோமாபுரிக்குக் கப்பலில் போகிறார். கிரேத்தா தீவைத் தாண்டும்போது பெருங்காற்று. சூரியனும் நட்சத்திரங்களும் பல நாள் கண்ணில் படவில்லை. தப்பிப்போம் என்ற நம்பிக்கையே எல்லாருக்கும் அற்றுப்போகிறது. அப்போது பவுல் எழுந்து நின்று, இரவில் தேவதூதன் வந்து சொன்னதைச் சொல்கிறார்: நீ ரோமப் பேரரசனான இராயனுக்கு முன் நிற்க வேண்டும், உன்னோடு பயணம் செய்கிற எல்லாரையும் தேவன் உனக்குத் தந்திருக்கிறார், கப்பல் போகும், ஒரு உயிரும் போகாது. தேவனே சொல்லிவிட்டார், முடிவு நிச்சயம். இல்லையா?

பதினாலாம் இரவு. ஆழம் பார்க்கிறார்கள்: இருபது பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி). கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் பதினைந்து. பாறையில் மோதிவிடும் என்று பயந்து கப்பலின் பின்பக்கத்திலிருந்து நான்கு நங்கூரம் போடுகிறார்கள். கப்பலாட்கள் முன்பக்கத்தில் நங்கூரம் போடுவது போல நடித்துக்கொண்டு சிறு படகை இறக்கித் தப்பிக்கப் பார்க்கிறார்கள். ஒரு உயிரும் போகாது என்று சொன்ன அதே பவுல் இப்போது சேவகரின் தலைவனான நூற்றுக்கு அதிபதியிடம் சொல்கிறார்: இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்க மாட்டீர்கள். சேவகர் படகின் கயிற்றை அறுத்து விடுகிறார்கள்.

நான் அந்த வசனத்தில் நெடுநேரம் நின்றேன். பவுல் தூதனின் வார்த்தையை மறந்துவிட்டாரா? இல்லை. தேவன் நிச்சயித்த முடிவுக்குள்ளேயே மாலுமிகள் கப்பலில் இருப்பதும், ஒருவன் எச்சரிப்பதும், ஒருவன் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுப்பதும் அடங்கியிருந்தன. முடிவை மட்டும் குறித்துவிட்டு வழியை விட்டுவிடுகிறவர் அல்ல அவர். அடுத்தும் பாருங்கள். கைதிகள் நீந்தி ஓடிவிடாதபடி கொன்றுவிடலாம் என்று சேவகர் யோசிக்கிறார்கள். பவுலைக் காப்பாற்ற மனதுள்ள நூற்றுக்கு அதிபதி தடுக்கிறான். அவனை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அவனுக்கே அந்த மனது இருந்தது. நீந்தத் தெரிந்தவர்கள் முதலில் குதிக்கிறார்கள், மற்றவர்கள் பலகைகள் மேலும் கப்பலின் உடைந்த துண்டுகள் மேலும். 276 பேரும் கரை சேருகிறார்கள்.

உங்கள் ஜெபம் அந்தக் கயிற்றை அறுத்த கத்தி மாதிரி. தேவனுடைய தீர்மானத்துக்கு எதிரே நின்று நீங்கள் கெஞ்சவில்லை. அந்தத் தீர்மானம் நடந்தேறுகிற வழிகளில் ஒன்றாக நீங்கள் இருக்கலாம்.

இது என் சொந்த ஆறுதல் வார்த்தை என்று நினைக்க வேண்டாம். அகஸ்டின் இளம் வயதில், ஒளி இருள் என்ற இரண்டு சக்திகளை நம்பிய மானிகேயர் கூட்டத்தில் சேர்ந்து ஒன்பது வருடம் இருந்தவர். தாய் மோனிக்கா அவருக்காக அழுது ஜெபித்தவர். மகனிடம் பேசுங்கள் என்று ஒரு பிஷப்பை நச்சரித்தபோது, இத்தனை கண்ணீரின் மகன் அழிந்துபோக முடியாது என்று சொல்லி அனுப்பினாராம். 387-இல் மிலான் நகரில் அகஸ்டின் ஞானஸ்நானம் பெற்றார். அதே வருடம் அந்த அம்மா இறந்துபோனார். இது எல்லாருக்கும் தெரிந்த கதை. பலருக்குத் தெரியாதது இதுதான்: நாற்பது வருடம் கழித்து, முன்குறித்தலுக்காக வாதாடி எழுதிய தன் கடைசி நூல்களில் ஒன்றில், நான் அழியாதபடி என் தாயின் அன்றாடக் கண்ணீருக்கு அருளப்பட்டேன் என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த உபதேசத்தை உலகத்துக்கு விளக்கிய மனிதருக்கு முன்குறித்தலும் அம்மாவின் அழுகையும் முரணாகத் தோன்றவில்லை. இன்னொரு நூலில், யார் முன்குறிக்கப்பட்டவர் யார் இல்லை என்று நமக்குத் தெரியாததால் எல்லாரும் இரட்சிக்கப்பட வேண்டும் என்றே நாம் விரும்ப வேண்டும் என்றும் சொல்கிறார்.

டார்ட் மாமன்றத்தின் அறிக்கையிலும் ஒரு பகுதி உண்டு. தன்னிடம் உயிருள்ள விசுவாசத்தை இன்னும் தெளிவாக உணராதவர்கள், தள்ளப்பட்டவர்கள் என்ற பேச்சைக் கேட்டுக் கலங்கவும் வேண்டாம், தங்களைத் தள்ளப்பட்டவர்களோடு எண்ணவும் வேண்டாம், தேவன் கிரியை செய்வதாக வாக்களித்த வழிகளில் தொடர்ந்து இருக்கட்டும் என்று அது சொல்கிறது. முன்குறித்தலைக் கடுமையாகப் போதித்ததாகப் பெயர் வாங்கிய மன்றம் அது. என்னிடம் அன்று யாராவது இதை வாசித்துக் காட்டியிருந்தால் ஒரு வருடம் மிஞ்சியிருக்கும்.

கடைசியாக ஒருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், உங்கள் தம்பியை நினைக்கும்போது அவர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். வில்லியம் கூப்பர் என்ற ஆங்கிலக் கவிஞர், 1731-இல் பிறந்தவர். மனநோயால் மிகவும் பாடுபட்டவர். ஓல்னி என்ற சின்ன ஊரில் குடியேறி, அங்கே போதகராக இருந்த ஜான் நியூட்டனோடு சேர்ந்து பாடல்கள் எழுதினார். நியூட்டன், ஒரு காலத்தில் அடிமைக் கப்பலின் தலைவராக இருந்தவர். 1773-இல் கூப்பருக்கு நோய் திரும்பியது. தேவன் தன்னை நிரந்தரமாகத் தள்ளிவிட்டார் என்று ஒரு கனவிலிருந்து உறுதியாக நம்பிவிட்டார். 1800-இல் சாகும்வரை அந்த இருள் முழுதாக விலகவில்லை. 1799-இல் எழுதிய கவிதையில், நடுக்கடலில் கப்பலிலிருந்து விழுந்து மூழ்கிய ஒரு மாலுமியைப் பாடி, அவனைவிட ஆழத்தில் நான் மூழ்கினேன் என்று முடிக்கிறார்.

நியூட்டன் கால்வினின் வழியில் தெரிந்துகொள்ளுதலை நம்பியவர். நண்பரே "நான் தள்ளப்பட்டவன்" என்று சொன்னபோதும் அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. 1773-இல் கூப்பர் அவர் வீட்டுக்கு வந்து ஒரு வருடத்துக்கும் மேல் தங்கினார். நியூட்டன் குடும்பம் அவரைப் பார்த்துக்கொண்டது. பிறகு லண்டனுக்கு மாறிப்போன பின்னும் கடிதம் நிற்கவில்லை. தன் உபதேசத்தை வைத்து நண்பனுக்குத் தீர்ப்பு எழுதாமல், தன் வீட்டு அறையைத் திறந்துவிட்டார். முன்குறித்தலை நம்புகிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது.

என்னைத் திரும்பக் கொண்டுவந்தது யோவான் 6:37. "பிதாவானவர் எனக்குக் கொடுக்கிறயாவும் என்னிடத்தில் வரும், என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை." முதல் பாதி அவருடைய வேலை, அதை நான் பார்க்க முடியாது. இரண்டாவது பாதியில் ஒரு கதவு இருக்கிறது. எந்தப் பட்டியலையும் சரிபார்க்காமல் நான் அந்தக் கதவு வழியாகத்தான் போனேன். போனபிறகு திரும்பிப் பார்த்தால், என்னை அதுவரை நடத்திக்கொண்டு வந்தவரும் அவர்தான் என்று தெரிந்தது.

உங்கள் தம்பி விஷயத்தில், ஜெபத்தைத் திரும்பத் தொடங்குங்கள். அவனிடம் சபையைப் பற்றி இப்போதைக்குப் பேச வேண்டாம். அந்தப் பதினாலாம் இரவு முடிந்து விடிகிற நேரத்தில் பவுல் அந்த 276 பேரிடம் பிரசங்கம் செய்யவில்லை. பல நாளாகப் பட்டினி கிடக்கிறீர்கள், சாப்பிடுங்கள் என்று கெஞ்சினார், அப்பத்தை எடுத்து எல்லார் முன்பாகவும் ஸ்தோத்திரம் செலுத்திப் பிட்டுத் தானும் சாப்பிட்டார். இன்றைக்கு இரவே அவனுக்குப் போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.