ஒரே நாளில் எல்லாக் கடையிலும் ஒரே விலை ஏறினால் எங்கே புகார் செய்வது?

கேள்வி: தக்கலை பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். போன வாரம் சிமென்ட் மூட்டைக்கு 20 ரூபாய் கூடிவிட்டது. நாலு கடையில் விசாரித்தோம். நாலும் வேறு வேறு பிராண்டு, ஆனால் ஒரே நாளில் அதே 20 ரூபாய். கடை அண்ணாச்சியிடம் கேட்டால், "கம்பெனிக்காரன் ஏத்திட்டான், நான் என்ன செய்ய?" என்கிறார். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: விலை கூடிவிட்டது என்பதற்காக மட்டும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் மனு நிற்காது. பெர்மிட் வாங்கி சிமென்ட் எடுத்த காலம் முடிந்து, 1989 மார்ச் 1 முதல் அதற்கு விலைக் கட்டுப்பாடே இல்லை. ஒரு நிறுவனம் தன் விருப்பப்படி விலையை ஏற்றலாம், அது குற்றமில்லை. போட்டி நிறுவனங்கள் கூடிப் பேசி ஏற்றினால்தான் குற்றம். அதைத் தடுப்பது 2002-ஆம் ஆண்டு போட்டிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு; விசாரிப்பது இந்தியப் போட்டி ஆணையம்.

விலை ஒன்றுபோல் இருப்பது மட்டும் அங்கே சாட்சி ஆகாது. ஒருவர் ஏற்றியதைப் பார்த்து அடுத்தவரும் ஏற்றினார் என்று வாதிடுவார்கள், அதில் நியாயமும் இருக்கலாம். அதற்கு மேல் ஏதாவது வேண்டும்: நிறுவனங்களின் சங்கக் கூட்டம், உற்பத்தி விவரங்களைத் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டது, ஆலையில் திறன் இருந்தும் உற்பத்தியைக் குறைத்தது. 2012 ஜூனில் 11 சிமென்ட் நிறுவனங்களுக்குச் சுமார் 6,300 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டபோது ஆணையம் இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் பார்த்தது. அந்த உத்தரவைப் பிறப்பித்த நடைமுறையில் குறை கண்டு 2015-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ரத்து செய்தது. ஆணையம் மறுபடி விசாரித்து 2016-இல் மீண்டும் அபராதம் விதித்தது. 2018-இல் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது. நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் போயின. இவ்வளவு இழுக்கும் என்று தெரிந்தே இறங்க வேண்டும்.

இறங்குவதானால் இன்றைக்கே கடைகளில் தேதி போட்ட கொட்டேஷன் வாங்குங்கள், ஏறுவதற்கு முந்தைய பில்லும் பிந்தைய பில்லும் இருக்கட்டும். டீலர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் விலைப்பட்டியலை அழிக்காதீர்கள், கம்பெனி எந்தத் தேதியில் என்ன எழுதியது என்பது அதில்தான் இருக்கும். போட்டி ஆணையத்தில் கொடுக்கும் புகாருக்குத் தகவல் மனு என்று பெயர்; தனிநபருக்குக் கட்டணம் 5,000 ரூபாய், மூன்று ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். நுகர்வோர் சங்கத்துக்கும் கட்டணம் அதேதான். பல ஊர் பில்களைச் சேர்த்துக் கொடுக்க முடியும் என்பதால் சங்கம் வழியாகப் போவதே பலம்.

கையோடு இன்னொன்றையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்டுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் மூட்டை 400 ரூபாய் என்றால் அடிப்படை விலை 312.50, வரி 87.50. அதே அடிப்படை விலைக்கு இப்போது வரி 56.25 மட்டும், மூட்டை 368.75-க்கு வந்திருக்க வேண்டும். பழைய பில்லையும் புதிய பில்லையும் அடுத்தடுத்து வைத்து, வரிக்கு முந்தைய தொகையை மட்டும் ஒப்பிடுங்கள். வரிக் குறைப்பை யாராவது விழுங்கினார்களா என்பது அந்த ஒப்பீட்டில் தெரிந்துவிடும். முன்பு இதற்கென்று இருந்த கொள்ளை லாபத் தடுப்பு ஏற்பாடு 2025 ஏப்ரல் 1 முதல் புது மனு வாங்குவதில்லை. அந்தக் கதவை அரசு மூடியது பெரிய தவறு. இப்போது இருப்பது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915தான். அதிலாவது பதிவு செய்யுங்கள்.

கேள்வி: குலசேகரத்தில் எங்களுக்கு ஒரு ஏக்கர் ரப்பர். ஷீட் விலை இறங்கினாலும் டயர் விலை இறங்குவதில்லை. டயர் கம்பெனிகளுக்கு அபராதம் போட்டார்களாமே, அதில் எங்களுக்கு ஏதாவது வருமா?

பதில்: வராது. எம்ஆர்எஃப், அப்போலோ, சியட், ஜேகே, பிர்லா ஆகிய ஐந்து நிறுவனங்களுக்கும் அவர்களின் சங்கத்துக்கும் 2018 ஆகஸ்ட் 31-இல் மொத்தம் 1,788 கோடி ரூபாய்க்குச் சற்று மேல் அபராதம் விதிக்கப்பட்டது. வழக்கு காரணமாக அந்த உத்தரவு மூடிய உறையிலேயே கிடந்து, 2022 பிப்ரவரியில்தான் வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் தீர்ப்பாயம் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பியது. வழக்கு டயர் விற்ற விலை பற்றியது, ரப்பர் வாங்கிய விலை பற்றியது அல்ல. அபராதம் வசூலானாலும் இந்தியத் தொகுப்பு நிதிக்குத்தான் போகும். நஷ்டஈடு கேட்க 53என் பிரிவில் தனி மனு உண்டு. அதுவும் குற்றம் நிலைநாட்டப்பட்ட பிறகு.

ஆனால் வாங்குகிறவர்கள் கூடிப் பேசி விலையைக் குறைத்து வைத்தாலும் அதே 3-ஆம் பிரிவுதான். உள்ளூர் வியாபாரிகள்மேல் அப்படிச் சந்தேகம் இருந்தால் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, ரப்பர் வாரியம் அன்று அறிவித்த ஆர்எஸ்எஸ் 4 (புகையிட்டுக் காயவைத்த ஷீட்டில் ஒரு தரம்) விலை, கடையில் என்ன தரம் என்று எடுத்தார்கள், எத்தனை கிலோ, ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள், கைக்கு வந்தது எவ்வளவு. பெரும்பாலும் திருட்டு விலையில் நடப்பதில்லை, தரத்திலும் கழிவிலும்தான் நடக்கிறது. நாலு ஐந்து விவசாயிகளின் நோட்டில் ஒரே கழிவு திரும்பத் திரும்ப வந்தால் அது பேசும்.

கேள்வி: கன்னியாகுமரி கடற்கரையில் 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலுக்கு 25 வாங்கினார்கள், கூலிங் சார்ஜாம்.

பதில்: கடையில் அப்படி வாங்கக் கூடாது. அச்சிட்ட விலையில் எல்லாம் அடக்கம். பில் கேளுங்கள், தராவிட்டால் பாட்டிலையும் கடைப் பலகையையும் படம் எடுத்து, தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவுக்கோ 1915-க்கோ புகார் கொடுங்கள். ஹோட்டலில் உட்கார்ந்து குடித்தால் கதை வேறு: பரிமாறும் சேவையும் சேர்வதால் கூடுதலாக வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரயில் நிலையத்தில் ரயில் நீர் ஒரு லிட்டர் 14 ரூபாய். மேலே கேட்டால் ரயில்வே உதவி எண் 139-க்குச் சொல்லுங்கள்.

கேள்வி: நாகர்கோவிலில் பைக் வாங்கப் போனேன். இன்சூரன்ஸும் அங்கேயே எடுத்தால்தான் டெலிவரி என்கிறார்கள். வெளியே விலை குறைவு.

பதில்: வற்புறுத்த அவர்களுக்கு உரிமை இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி 2017 நவம்பர் முதல் ஷோரூம்களுக்கு இதைத் தடுக்கிறது. ஒன்றை வாங்கினால்தான் இன்னொன்று என்பது நுகர்வோர் சட்டத்திலும் தடைசெய்யப்பட்ட வணிக முறை. புது பைக்குக்குச் சட்டப்படி தேவை ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு. சொந்த சேதக் காப்பீடு உங்கள் விருப்பம், ஆனால் கடனில் வாங்கினால் வங்கி கேட்கும்.

முன்பணம் கட்டும் முன்பே "காப்பீடு நானே எடுக்கிறேன், சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் தாருங்கள்" என்று வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். மறுப்பு எழுத்தில் வரட்டும். வாயால் சொன்னதை அவர்கள் பிறகு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மறுத்தால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் புகார் எண் 155255-க்குச் சொல்லுங்கள். அதிலும் தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு போடலாம், இ-ஜாக்ருதி தளத்திலும் பதியலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. ஷோரூம் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை.