மதகுவரை போய்த் திரும்புகிறவர்

அன்புள்ள ஐயா,

பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு 58 வயது. இரண்டு வருடமாக வாய்க்கால் மதகுவரை போவார், ஷட்டரைத் தொடுவார், திரும்புவார். நாளைக்கு இருபது தடவையாவது நடக்கிறார். தண்ணீர் இல்லாத சித்திரையிலும் நிற்கவில்லை. தடுத்தால் கை ஓங்குகிறார். இனிப்பைக் கண்டால் விடுவதில்லை. மூளையின் முன்பகுதி சுருங்குகிற டிமென்ஷியா என்கிறார் டாக்டர். ஆனால் போன குறுவையில் எத்தனை மூட்டை கண்டது என்பதுவரை ஞாபகம் இருக்கிறதே? வீம்பு என்கிறார் அம்மா. மனநோய் தீர வேண்டித் தங்கவைக்கும் குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் வைத்திருக்கச் சொல்கிறார் பெரியப்பா. எப்படிப் புரியவைத்து நிறுத்துவது?

ஒரு மகள்

அன்புள்ள மகளுக்கு,

புரியவைக்க முடியாதம்மா. அந்த முயற்சியை முதலில் விடுங்கள். உங்கள் தெம்பில் பாதி அதில்தான் போகிறது.

என் சித்தப்பா துண்டை மடிப்பார், உதறுவார், மறுபடி மடிப்பார். சித்தி பிடுங்கிப் பார்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து நியாயம் பேசினேன். "சரிடா" என்பார், கை மடித்துக்கொண்டே இருக்கும். நடிக்கிறார் என்று ஒரு வருடம் நம்பினேன். அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இன்னும் தூக்கம் வருவதில்லை.

டாக்டர் சொன்னதை நம்புங்கள். இந்த நோய் பெரும்பாலும் 45க்கும் 65க்கும் நடுவில் வரும். குணமும் நடத்தையும் முதலில் மாறும், மறதி பின்னால்தான். போதும் என்று சொல்லவேண்டிய இடம் நெற்றிக்குப் பின்னால் தேய்ந்துவருகிறது. நடையும் இனிப்பும் அதனால்தான். ஓசிடி என்கிற மனநோய் உள்ளவர் திரும்பத்திரும்பக் கை கழுவுவது பயத்தால். இது அதிகம் என்று அவருக்கே பெரும்பாலும் தெரியும். அப்பாவுக்கு அந்தத் தவிப்பு அநேகமாக இருக்காது. அவரால் போகாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். வீம்பு பிடிக்கவும் அந்த முன்மூளை வேண்டும்.

ஆகவே நடக்கவிடுங்கள். வழியைச் சரிசெய்யுங்கள். மேட்டூரை வழக்கமாக ஜூன் 12இல் திறப்பார்கள். உங்கள் வாய்க்காலில் தண்ணீர் ஏறுவதற்குள் மதகடிச் சரிவில் மூங்கில் தடுப்பு கட்டிவிடுங்கள். மதகைத் திறந்து மூடும் லஸ்கரிடமும் பக்கத்து வயல்காரர்களிடமும் நோயைச் சொல்லிவையுங்கள். மறைத்தால் ஒருநாள் தண்ணீர்த் தகராறில் அடி வாங்குவார். சட்டைப்பையில் போன் நம்பர் இருக்கட்டும். வெல்லமும் சர்க்கரையும் கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும், அதற்காகச் சண்டை வேண்டாம். மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகள் இந்தத் திரும்பத்திரும்பச் செய்வதைச் சிலருக்குக் குறைக்கின்றன, டாக்டரிடம் கேளுங்கள். அல்சைமருக்குத் தரும் டோனெபெசில் இதற்கு உதவுவதில்லை, சிலருக்குத் தொந்தரவைக் கூட்டும். யாராவது எழுதியிருந்தால் அதையும் கேளுங்கள்.

குணசீலத்துக்குப் போய்க் கும்பிட்டு வாருங்கள், மாத்திரை விட்டுப்போகக் கூடாது. 48 நாள் தங்கவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பழகிய தடம் இல்லாத இடத்தில் அவர் இன்னும் அலைவார்.

அம்மாவுக்கு இதைப் படித்துக்காட்டுங்கள். அவர் கத்திய நாட்களுக்கு அவர்மேல் குற்றமில்லை. பெரியப்பாவுக்கு அக்கறை இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் காலையில் அவரே தம்பியோடு மதகுவரை நடந்து வரட்டும். அந்த நேரம் அம்மா படுத்துத் தூங்கட்டும்.