வீட்டில் கட்டும் விமானத்தின் வடிவமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றலாமா?

அமெரிக்காவில் மாற்றலாம். பாதிக்கு மேல் வேலையை நீங்களே செய்து கட்டினால் சட்டப்படி தயாரிப்பாளர் நீங்கள்தான். வரைபடத்தில் உள்ளபடியே கட்டச் சொல்லி யாரும் வற்புறுத்த மாட்டார்கள். வம்பும் அங்கேதான்.

1997 அக்டோபரில் பாடகர் ஜான் டென்வர் இறந்தது, பர்ட் ரூட்டன் வடிவமைத்த, வீட்டிலேயே கட்டக்கூடிய லாங்-ஈஸி என்ற சிறு விமானத்தில். எந்த டாங்கிலிருந்து எரிபொருள் வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வால்வு, மூல வரைபடத்தில் விமானியின் கால்களுக்கு நடுவே இருக்கும். இந்த விமானத்தைக் கட்டியவர், எரிபொருள் குழாய் காக்பிட்டுக்குள் வரவேண்டாம் என்று நினைத்து, வால்வை இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். யோசனை என்னவோ நல்லதுதான். ஆனால் அதைத் திருப்ப, விமானத்தை ஓட்டும் ஸ்டிக்கை விட்டுவிட்டு உடம்பை முறுக்க வேண்டும். முறுக்கும்போது வலது கால் தன்னையறியாமல் ரடர் பெடலை, அதாவது விமானத்தின் மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் மிதியை, அழுத்திவிடும். போதாக்குறைக்கு வால்வின் கைப்பிடி வேறு இறுக்கம். டென்வர் அதைக் கட்டியவர் அல்ல, சமீபத்தில் வாங்கியவர்.

அதனால் எதை நகர்த்தினாலும் முதலில் பெல்ட் போட்டு சீட்டில் உட்கார்ந்து, கை எட்டுகிறதா என்று பாருங்கள். ரேடியோ மாற்றுவதெல்லாம் சின்ன விஷயம், எடைக் கணக்கைத் திருத்தினால் சரி. இன்ஜின், இறக்கை என்று கை வைத்தால், பயணியில்லாமல் குறைந்தது 5 மணி நேரம் மறுபடி சோதனைப் பறப்பு செய்ய வேண்டிவரும்.