சொந்தமாகக் கட்டிய விமானத்தைக் கிளப்பும் முன்: கேள்வி பதில்

கேள்வி: ஆலையில் தயாராகும் செஸ்னா விமானத்துக்குப் பழகிய சோதனைப் பட்டியலையே நான் வாங்கப் போகும் சொந்தக் கட்டுமான விமானத்துக்கும் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. ஒரே வரைபடத்தைப் பார்த்துக் கட்டிய இரண்டு விமானங்கள்கூட ஒன்றுபோல இருப்பதில்லை. 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து பாடகர் ஜான் டென்வர் உயிரிழந்த விமானம், பர்ட் ருட்டான் வடிவமைத்த லாங்-ஈஸி வகையைச் சேர்ந்தது. எரிபொருள் தொட்டியை மாற்றும் வால்வு ஓட்டுபவரின் கால்களுக்கு இடையே இருக்க வேண்டும் என்பது வரைபடம். கட்டியவரோ அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். அதை எட்டித் திருப்ப உடம்பை முறுக்க வேண்டும். முறுக்கும்போது வலது கால் தன்னையறியாமல் ரடர் பெடலை (விமானத்தின் மூக்கை இடவலமாகத் திருப்பும் மிதியை) மிதித்துவிடக்கூடும். டென்வர் அந்த விமானத்தை வாங்கிச் சில நாள்களே ஆகியிருந்தன. அன்று எரிபொருள் நிரப்பாமலே கிளம்பினார். ஆகவே வாங்கியதும் தரையிலேயே இருக்கைப் பட்டையை இறுக்கிக்கொண்டு, கண்ணை மூடியபடி ஒவ்வொரு வால்வையும் சுவிட்சையும் தொட்டுப் பாருங்கள். கைக்கு எட்டாதது ஒன்று இருந்தாலும், அதைச் சரிசெய்யாமல் பறக்க வேண்டாம்.

கேள்வி: நானே கட்டியது, ஒவ்வொரு ஆணியும் எனக்குத் தெரியும். பிறகும் இன்னொருவர் பார்க்க வேண்டுமா?

பதில்: கட்டியவர் கண், இருப்பதை விட்டுவிட்டு இருக்க வேண்டியதைப் பார்க்கும். என் விமானத்தின் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) தண்டு முனையில், நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின் ஒன்று போடாமல் விட்டிருந்ததை நண்பர்தான் கண்டுபிடித்தார். அந்த இடத்தை அதற்கு முன் நான் மூன்று முறை பார்த்திருந்தேன். முறுக்கி முடித்த நட்டின் மேல் ஒரு வண்ணக் கோடு இழுத்துவிடுங்கள். கோடு உடைந்திருந்தால் நட்டு அசைந்திருக்கிறது என்று பொருள்.

கேள்வி: அய்லரான்கள் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடல்கள்) தடையின்றி அசைகின்றன. அது போதுமா?

பதில்: அசைவதோடு, சரியான திசையில் அசையவும் வேண்டும். கேபிளை மாற்றிக் கோத்திருந்தாலும் அவை வழுவழுவென்றே அசையும். கட்டைவிரல் மேல்நோக்கி நிற்கக் கட்டுப்பாட்டுத் தண்டைப் பிடித்துச் சாய்த்தால், விரல் சாயும் பக்கத்து அய்லரான் மேலே எழ வேண்டும்.

கேள்வி: எரிபொருளில் தண்ணீர் கலந்திருப்பதை எப்படிக் கண்டுகொள்வது?

பதில்: தொட்டியின் அடிவால்விலிருந்து கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பிடியுங்கள். சிறு விமானங்களுக்கான 100 எல்எல் பெட்ரோல் இளநீலமாக இருக்கும். தண்ணீர் அடியில் தனியாகத் தங்கும். ஆனால் குவளை முழுவதும் தண்ணீராகவே வந்துவிட்டால் நடுவில் கோடே தெரியாது, அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். நிறத்தையும் வாசனையையும் சேர்த்தே பாருங்கள். தொட்டியின் காற்றுக் குழாயையும் வேகத்தை அளக்க உதவும் பிட்டாட் குழாயையும் மறக்க வேண்டாம். குளவிக்கு மண்கூடு கட்ட ஒரு வாரம் தேவையில்லை.

கேள்வி: ரோட்டாக்ஸ் 912 எஞ்சினில் எண்ணெய் அளவு ஒவ்வொரு முறையும் குறைவாகக் காட்டுகிறது.

பதில்: இக்னிஷனை அணைத்துவிட்டு, எண்ணெய்த் தொட்டியில் குடகுடவென்ற சத்தம் கேட்கும்வரை புரொப்பல்லரை அது சுழலும் திசையிலேயே கையால் சுற்றுங்கள், அதன் பிறகே அளவு பாருங்கள். இக்னிஷன் அணைந்திருந்தாலும் எஞ்சின் உயிர்பெறக்கூடும் என்று எண்ணியே புரொப்பல்லரைத் தொட வேண்டும்.

கேள்வி: முதல் பறப்பில் மனைவியை அழைத்துச் செல்ல ஆசை.

பதில்: அமெரிக்க விதிப்படி, சான்றிதழ் பெற்ற எஞ்சின்-புரொப்பல்லர் இணை என்றால் வழக்கமாக 25 மணி நேரமும், இல்லையென்றால் 40 மணி நேரமும் சோதனைப் பறப்பு முடியும்வரை பயணிகளை ஏற்ற முடியாது. அதுவரை அவர் ஓடுதளத்து ஓரமாக நின்று கையசைக்கட்டும்.